லேபர் வார்டு போஸ்டிங்: சீனியர்களிடம் ஒரு உதவி

வணக்கம் அண்ணா, அக்கா. நான் எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு. போன வாரம் லேபர் வார்டில் முதல் பிரசவத்துக்கு வந்திருந்த ஒருவருக்கு நாங்கள் ஐந்து பேர் வரிசையாக உள்பரிசோதனை செய்தோம். கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று கற்றுக்கொள்ளத்தான். ஆனால் யாரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் நான்காவது ஆள். என் முறை வந்தபோது அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அதைப் பார்த்தும் செய்தேன். அன்றிலிருந்து சரியாகத் தூக்கமில்லை.

வழக்கமான பிரசவத்தில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பரிசோதித்தால் போதும், ஒரே சமயத்தில் பலர் செய்வதைத் தவிர்க்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டி. 2019 முதல் நம் பாடத்திட்டத்திலேயே ஏட்காம் (மனப்பான்மை, நெறிமுறை, நோயாளியிடம் பேசும் முறை பற்றிய வகுப்பு) இருக்கிறது. நோயாளியின் ஒப்புதல் பற்றி அந்த வகுப்பில் பக்கம் பக்கமாக எழுதினேன். வார்டில் வாய் திறக்கவில்லை. சரியானது தெரிந்தும் செய்ய முடியாத இந்த வேதனையை, செவிலியர்களை வைத்து 1984-இல் ஆண்ட்ரூ ஜேம்ட்டன் 'மாரல் டிஸ்ட்ரெஸ்' என்றார். பெயர் தெரிந்ததால் பாரம் குறையவில்லை.

யூனிட் சீஃபை எதிர்த்துப் பேச பயமாக இருக்கிறது, இன்டர்னல் மதிப்பெண் அவர் கையில். அவரைச் சங்கடப்படுத்தாமல் "முதலில் கேட்டுவிடலாமா சார்" என்பதை எப்படிச் சொல்வது? நீங்கள் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். அப்புறம், வலியின் நடுவில் இருப்பவரிடம் அனுமதி கேட்பது எப்படி? அவர் வேண்டாம் என்றால் பி.ஜி.யிடம் (வார்டில் இருக்கும் மேற்படிப்பு டாக்டரிடம்) என்ன சொல்வது?

திங்கட்கிழமை மறுபடி அதே வார்டு. அதற்குள் யாராவது எழுதினால் பெரிய உதவி.