முகவரியில் அலெக்சாண்டிரியா, ஆனால் கவுண்டிக்குப் போகச் சொல்கிறார்கள்

மலர்க்கொடி (கேள்வி):
திருச்சியிலிருந்து வர்ஜீனியாவுக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. எச்-4 விசா, அதாவது வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்குத் தருவது. ஆங்கிலம் படித்தால் புரிகிறது. கடையில் யாராவது வேகமாகப் பேசினால் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறேன். பேச்சு வகுப்பு விசாரிக்க அலெக்சாண்டிரியா நகர அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மாள் முகவரியைப் பார்த்துவிட்டு, "நீங்கள் எங்கள் ஊர் இல்லை, ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி" என்றார். கவுண்டி நம் மாவட்டம் போலத்தானே? மாவட்டத்துக்குள்தானே ஊர் இருக்கும்?

இன்னொன்று. கொல்லையில் வெண்டை போட்டேன். மூன்று இலை விட்டதும் மஞ்சளாகி நின்றுவிட்டது. செம்மண்தான், ஆனால் காய்ந்தால் செங்கல்.

பழைய குடித்தனம்:
பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நானும் இதே போல் தப்பான வாசலில் நின்றவன். இந்த மாநிலத்தில் ஒரு விசித்திரம்: நகரம் கவுண்டிக்குள் அடங்காது. 95 கவுண்டிகள், 38 தனி நகரங்கள், எல்லாம் பக்கத்துப் பக்கத்து வீடுகள் மாதிரி. முகவரியில் இருப்பது தபால்காரரின் ஊர், அவ்வளவுதான். உங்கள் காருக்கு ஆண்டுதோறும் வரி கேட்டு எந்த அரசு ரசீது அனுப்புகிறதோ, அதுதான் உங்கள் அரசு. கலெக்டரைத் தேட வேண்டாம். மக்கள் ஓட்டுப் போட்டு அமர்த்திய பத்துப் பேர் கொண்ட மேற்பார்வையாளர் குழுதான் இங்கே எல்லாம்.

வகுப்புக்கு இரண்டு வழி. கவுண்டிப் பள்ளித்துறையே பெரியவர்களுக்கு ஆங்கில வகுப்பு நடத்துகிறது. கட்டணம் உண்டு, முதலில் தேர்வு வைத்து எந்த நிலை என்று பார்ப்பார்கள். எச்-4-இல் வேலைக்குப் போகத்தான் கட்டுப்பாடு, படிக்கத் தடையில்லை. ஆனால் நான் உங்களிடத்தில் இருந்தால் முதலில் நூலகத்துக்குப் போவேன். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் அட்டை இலவசம். உரையாடல் குழுவும் இலவசம். வட்டமாக உட்கார்ந்து எதையாவது பேசுவார்கள், தப்பாகப் பேசினால் யாரும் சிரிப்பதில்லை. என் மனைவி இலக்கணப் புத்தகத்தை மூடிவைத்தது அங்கே போன பிறகுதான்.

மண்ணுக்கும் அதே நூலகம்! மண் பரிசோதனைப் பெட்டி அங்கேயே கிடைக்கும். நாலைந்து இடத்தில் தோண்டி, கலந்து, நிழலில் உலர்த்தி, பெட்டியை நிரப்பி வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். நம் ஊர் வேளாண் விரிவாக்க மையம் போலத்தான், கவுண்டிதோறும் பல்கலைக்கழகத்தின் கை ஒன்று நீண்டிருக்கிறது. என் கொல்லை மண்ணின் பி.எச். 5.2 என்று வந்தது, அதாவது அமிலம் அதிகம். ஆயிரம் சதுர அடிக்கு இத்தனை பவுண்டு சுண்ணாம்பு என்று சீட்டிலேயே எழுதியிருந்தார்கள். அதற்கு முன் இரண்டு வருடம் நான் உரமாகக் கொட்டிய காசை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

தோட்டக்காரி:
மண்ணைக் குறை சொல்லும் முன் தேதியைக் கேட்க வேண்டாமா? மலர்க்கொடி, எப்போது விதைத்தீர்கள்?

மலர்க்கொடி:
ஏப்ரல் முதல் வாரம். வெயில் அடித்ததே என்று போட்டேன்.

தோட்டக்காரி:
அதுதான். வெயில் மேலே, குளிர் கீழே. வெண்டைக்கு வேர் சூடு வேண்டும். மே மாதம் அன்னையர் தினம் கழியாமல் இங்கே தக்காளி நாற்றைக்கூட வெளியே வைக்கமாட்டார்கள். விதையை ஓர் இரவு ஊறவைத்து இப்போது மறுபடி போடுங்கள், இன்னும் நேரம் இருக்கிறது. மண் பரிசோதனையும் செய்யுங்கள், பெரியவர் சொன்னது வீணில்லை. சனிக்கிழமை உழவர் சந்தைப் பக்கம் போனால் மாஸ்டர் கார்டனர் மேசை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள்; மஞ்சள் இலையைப் பையில் போட்டு எடுத்துப்போனால் பார்த்துச் சொல்வார்கள். முருங்கை ஆசை இருந்தால் தொட்டியில் வையுங்கள். முதல் உறைபனிக்கு முன் வீட்டுக்குள் தூக்கிவிட வேண்டும். நான் இரண்டு கன்றைப் பறிகொடுத்தவள்.

மலர்க்கொடி:
இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். நூலக அட்டை கிடைத்தது. உரையாடல் குழுவில் பக்கத்தில் எத்தியோப்பியப் பெண் ஒருவர். கொல்லையில் என்ன போட்டிருக்கிறாய் என்று கேட்டார். வெண்டைக்கு ஆங்கிலம் சட்டென்று வரவில்லை, தாளில் வரைந்து காட்டினேன். "பாமியா!" என்றார். அடுத்த வாரம் விதை கொண்டுவருகிறாராம். மண் பெட்டி நேற்றுத்தான் தபாலில் போயிருக்கிறது.