இரவுக் காவல் வேலைக்கு எந்த ஹோல்ஸ்டர் வாங்குவது?

ஹூஸ்டன் புதியவர்:
வணக்கம். வரும் திங்கட்கிழமை இரவு முதல் ஆயுதம் ஏந்திய காவலராக வேலைக்குச் சேர வேண்டும். துப்பாக்கியை நிறுவனம் தந்துவிட்டது. ஹோல்ஸ்டரையும் (இடுப்பில் மாட்டும் துப்பாக்கி உறை) பெல்ட்டையும் நானே வாங்கிக்கொள்ள வேண்டுமாம். கடையில் லெவல் 1, லெவல் 2, லெவல் 3 என்று தொங்குகின்றன, ஆனால் எதற்கு என்ன பொருள் என்று விற்பவருக்கே சொல்லத் தெரியவில்லை. நான் நிற்கப்போகும் இடத்தில் முன்பு இருந்த காவலரின் இடுப்பிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கப் பார்த்தார்களாம். அதைக் கேட்டதிலிருந்து மனைவிக்கு உறக்கமில்லை. எதை வாங்குவது? தயவுசெய்து விரைவாகச் சொல்லுங்கள்.

டல்லஸ் பெரியவர்:
தம்பி, ஹோல்ஸ்டர் இருக்கட்டும், உங்கள் விசா என்ன? எச்1பி, எச்4, எஃப்1 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இருந்தாலும் அவற்றை வழக்கறிஞரிடம் கேட்காமல் நம்பக் கூடாது. 2021 செப்டம்பர் முதல் டெக்சாஸில் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என்று யாராவது சொன்னால், சட்டப்படி அதை வைத்திருக்கத் தகுதியுள்ளவர்களுக்கு மட்டுமே அந்த அனுமதி என்பதையும் சேர்த்துப் புரிந்துகொள்ளுங்கள். கிரீன் கார்டு இருந்தாலும் துப்பாக்கிக் குற்றம் ஒன்று நிரூபணமானால் நாடு கடத்தவும் முடியும்.

சான் அன்டோனியோ அண்ணன்:
வந்த புதிதில் நானும் பெட்ரோல் பங்க்கில் இரவு வேலை பார்த்தவன்தான். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தனியாக நின்றுகொண்டு, விடியும்வரை கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஊருக்குப் போன் செய்தால் அம்மாவிடம் எல்லாம் நலம் என்பேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், லெவல் 3க்குக் குறைந்து எதையும் வாங்காதீர்கள். விலையைப் பார்க்க வேண்டாம்.

ஆஸ்டின்வாசி:
அண்ணன் சொல்வதோடு எனக்கு உடன்பாடில்லை. புதியவர் கையில் லெவல் 3 கொடுத்தால், அவசரத்தில் துப்பாக்கி வெளியே வராமல் அவரே திணறுவார். சட்டைக்குள் மறைத்து வைத்தால் யாருக்கும் தெரியாது, பிடுங்கவும் மாட்டார்கள். லெவல் 1 தாராளமாகப் போதும்.

சான் அன்டோனியோ அண்ணன்:
சீருடைக் காவலர் எப்படி மறைப்பார்? பூட்டைத் திறக்கப் பழகிக்கொள்வது அவர் கையில் இருக்கிறது. பின்னாலிருந்து வருகிறவனின் கை அவர் கட்டுப்பாட்டிலா இருக்கிறது?

கேட்டி அக்கா:
எனக்கு வேறொன்றுதான் வருத்தம். உயிரைப் பணயம் வைக்கிற வேலைக்கு ஆளைச் சேர்க்கிறார்கள். ஹோல்ஸ்டர், பெல்ட், பூட்ஸ் எல்லாவற்றையும் அவர் காசிலேயே வாங்கச் சொல்கிறார்கள். என் கணவர் முன்பு வேலை பார்த்த இடத்தில் சீருடைக்கும் சம்பளத்தில் பிடித்தார்கள், கேட்க அழைத்தால் யாரும் போனை எடுக்கவில்லை. புதிதாக வந்தவர்களால் எதிர்த்துப் பேச முடியாது என்று தெரிந்துதான் இப்படிச் செய்கிறார்கள்.

டல்லஸ் பெரியவர்:
உண்மைதான் அம்மா. வாடகை முன்பணம், கார் காப்பீடு என்று முதல் சம்பளம் வருவதற்குள் கையில் ஒன்றும் மிஞ்சாது.

பயிற்றுநர், ஷுகர்லேண்ட்:
தம்பி திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும். அதற்கு வேண்டியதைப் பேசுவோம். என்ன துப்பாக்கி, எந்த மாடல்? அதன் அடியில் விளக்கு இருக்கிறதா? வலக்கையா, இடக்கையா? கிரீன் கார்டு இருக்கிறதா? மாநிலக் காவலர் உரிமத்துக்கான லெவல் 3 பயிற்சி முடிந்ததா? அந்த லெவல் 3 வேறு, ஹோல்ஸ்டரின் லெவல் 3 வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஹூஸ்டன் புதியவர்:
மன்னிக்கவும் ஐயா. கிரீன் கார்டு இருக்கிறது, பயிற்சி முடிந்து உரிமமும் வாங்கிவிட்டேன். க்ளாக் 17, கீழே ஸ்ட்ரீம்லைட் டிஎல்ஆர்-1 விளக்கு. நான் இடக்கைக்காரன். வீட்டில் 4 வயதுக் குழந்தை உண்டு.

பயிற்றுநர், ஷுகர்லேண்ட்:
விளக்கையும் இடக்கையையும் சொல்லாமல் வாங்கியிருந்தால் பணம் வீணாகியிருக்கும், ஏனென்றால் விளக்கில்லாத க்ளாக் 17க்கான ஹோல்ஸ்டரில் உங்கள் துப்பாக்கி நுழையவே நுழையாது. மாடல், விளக்கு, கை மூன்றும் பொருந்தியதையே கேளுங்கள். 'எல்லாவற்றுக்கும் பொருந்தும்' என்று விற்கும் நைலான் உறை வேண்டவே வேண்டாம்.

லெவல் என்பது 1970களில் முன்னாள் எஃப்பிஐ அதிகாரி பில் ராஜர்ஸ் வகுத்த சோதனையிலிருந்து வந்தது. ஹோல்ஸ்டரில் இருக்கும் துப்பாக்கியின் பிடியை ஒருவர் முழு பலத்தோடு 5 விநாடி இழுத்தாலும் அது வெளியே வராவிட்டால் லெவல் 1. முதல் பூட்டைத் திறந்துவிட்டு அதே இழுப்பைத் தாங்கினால் லெவல் 2. இப்படியே மேலே போகும். எல்லா நிறுவனங்களும் இதே சோதனையைச் செய்துதான் எண்ணைப் போடுகின்றன என்று நினைக்க வேண்டாம்.

நீங்கள் துப்பாக்கியை வெளியே தெரியும்படி அணிபவர், அதைப் பிடுங்க முயன்ற இடத்துக்கே போகிறவர். ஆகவே அண்ணன் சொன்ன பக்கமே நானும். ஸஃபாரிலேண்ட் நிறுவனத்தின் லெவல் 3 ஹோல்ஸ்டரான 6360 வகையில் இரண்டு பூட்டுகள் உண்டு. துப்பாக்கியை உள்ளே வைத்ததும், தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியேறும் துளையில் ஒன்று தானாகவே பிடித்துக்கொள்ளும். மேலே ஒரு வளையம் கவிந்திருக்கும். வளையத்தைக் கட்டைவிரலால் அமுக்கி முன்னால் தள்ள வேண்டும், பிறகு உள்ளிருக்கும் சிறு நெம்புகோலை அதே விரலால் பின்னுக்கு இழுக்க வேண்டும். சுட்டுவிரலால் பொத்தானை அழுத்தித் திறக்கும் வகையை வாங்காதீர்கள். அழுத்திய வேகத்தில் அந்த விரல் சுடும் விசைக்குள் (ட்ரிகர்) போய்விடக்கூடும் என்பதால் பல பயிற்சிப் பள்ளிகள் அதை அனுமதிப்பதில்லை.

ஆஸ்டின்வாசி சொன்ன திணறல் உண்மையானது, அதற்கு மருந்து பழக்கம்தான். மேகசினை (தோட்டாக்கள் அடைக்கும் பெட்டி) கழற்றி, சேம்பர் (சுடப்படும் தோட்டா இருக்கும் அறை) காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, வேகம் பார்க்காமல் எடுத்துப் பழகுங்கள். திரும்ப வைக்கும்போது விரலை நீட்டி, ஹோல்ஸ்டரின் வாயைப் பார்த்தே வையுங்கள். மழைக்கோட்டின் இடுப்பு நாடாவும் அதன் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் குமிழும் உள்ளே நுழைந்து விசையில் மாட்டினால் துப்பாக்கி வெடித்துவிடும். அந்த நாடாவை இன்றே வெட்டி எடுத்துவிடுங்கள்.

பெல்ட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். சாதாரண பெல்ட்டில் மாட்டினால் பூட்டு தாங்கினாலும் ஹோல்ஸ்டரே திரும்பிக்கொள்ளும். உள்பெல்ட்டோடு சேரும் விறைப்பான டியூட்டி பெல்ட்டை வாங்கி, காலித் துப்பாக்கியோடு அணிந்து, நண்பர் ஒருவரை மேலும் பின்னும் பக்கவாட்டிலும் இழுக்கச் சொல்லிப் பாருங்கள். திருகாணிகளில் அவை தளராமல் பிடிக்கும் நீல லாக்டைட் பசை ஒரு துளி விட்டு, வாரம் ஒருமுறை முடுக்கிப் பாருங்கள்.

குழந்தை இருக்கும் வீட்டில் ஹோல்ஸ்டரின் பூட்டு பாதுகாப்பு ஆகாது. வேலை முடிந்து வந்ததும் துப்பாக்கி பூட்டுப் பெட்டிக்குள் போக வேண்டும்; அந்தப் பெட்டியையும் திங்கட்கிழமைக்கு முன்பே வாங்கிவிடுங்கள். இடக்கை ஹோல்ஸ்டர் கடையில் கிடைப்பது அரிது, காலையிலேயே போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ஹூஸ்டன் புதியவர்:
மிக்க நன்றி ஐயா. இடக்கைக்கானது கிடைக்கச் சில நாட்கள் ஆகும் என்றால், அதுவரை வலக்கை ஹோல்ஸ்டரைப் பயன்படுத்தலாமா?

பயிற்றுநர், ஷுகர்லேண்ட்:
கூடாது. சரியான ஹோல்ஸ்டர் வரும்வரை துப்பாக்கி இல்லாத பணி தரும்படி மேற்பார்வையாளரிடம் எழுத்து மூலமாகக் கேளுங்கள்.