எம்20 தளம்: கியூப் ரிசல்ட் பாஸா, ஃபெயிலா?

கடலோர வீடு:
வணக்கம். நாகப்பட்டினத்தில் வீடு கட்டுகிறேன், மொட்டை மாடியில் நின்றால் கடல் தெரியும். ஒப்பந்தத்தில் கான்கிரீட்டுக்கு ஒரே வரி: "எம்20, ஐ.எஸ். 456:2000-ன்படி". எம்20 என்றால் 28 நாளில் சதுர மி.மீ.க்கு 20 நியூட்டன் அழுத்தம் தாங்க வேண்டிய கான்கிரீட், ஐ.எஸ். 456 இந்தியக் கான்கிரீட் விதிநூல் என்றார்கள். தளத்துக்கு 12 கன மீட்டர் ஆனது. அழுத்திச் சோதிக்க மூன்று கியூப் (அச்சில் வார்த்த கான்கிரீட் கட்டி) எடுத்தார்கள். 28 நாள் ரிசல்ட் 24.1, 19.2, 18.4. சராசரி 20.57 வருகிறதே, பாஸ் என்கிறார் காண்ட்ராக்டர். பாக்கிப் பணத்தைக் கொடுக்கலாமா?

மேஸ்திரி வீட்டுப் பையன்:
சராசரிதான் சார் கணக்கு. ஒரு கியூப் 18 வந்ததற்காகத் தளத்தை உடைக்க மாட்டார்கள்.

சைட் இன்ஜினியர்:
உடைக்க வேண்டாம் தம்பி, சரி. ஆனால் பாஸும் இல்லை. மூன்று கியூப் சேர்ந்தால்தான் ஒரு மாதிரி. ஒவ்வொன்றும் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. சராசரி 20.57 என்றால் மேல்வரம்பு 23.65. 24.1 அதைத் தாண்டிவிட்டது, ஆகவே இந்த மாதிரியே செல்லாது. தவிர, 6 முதல் 15 கன மீட்டருக்கு இரண்டு மாதிரி எடுக்க வேண்டும். உங்களுக்கு எடுத்தது ஒன்று. கியூபை யார் நிரப்பினார்கள்?

கடலோர வீடு:
கொத்தனார்தான். கரண்டியால் அள்ளிப் போட்டு, நாலு தட்டு தட்டி, மேலே வழித்துவிட்டார்.

சைட் இன்ஜினியர்:
நினைத்தேன். மூன்று அடுக்காகப் போட்டு, அடுக்குக்கு 35 முறை கம்பியால் குத்த வேண்டும். அதனால் குறை கான்கிரீட்டிலா கியூபிலா என்று இப்போது சொல்ல முடியாது. மூன்று இடத்தில் கோர், அதாவது தளத்தையே துளைத்து எடுக்கும் உருளைத் துண்டு, எடுத்துச் சோதியுங்கள். சராசரி 17-க்குக் குறையாமலும், எதுவும் 15-க்குக் கீழே போகாமலும் இருந்தால் எம்20 என்று ஒப்புக்கொள்ளலாம். துளை போடும் முன் கவர் மீட்டரால் கம்பி இருக்கும் இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அதே கையோடு கவர், அதாவது கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் தடிமன், எவ்வளவு என்றும் தெரிந்துவிடும்.

எனக்குப் பெரிய கவலை அந்த ஒரே வரிதான். அதே ஐ.எஸ். 456-ல் கடற்காற்று நேரே படும் இடம் 'கடுமையான சூழல்'. அங்கே கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தபட்சம் எம்30, கன மீட்டருக்கு 320 கிலோ சிமென்ட், நீர்-சிமென்ட் விகிதம் 0.45-க்குள், கவர் 45 மி.மீ. உங்கள் வரியின் முதல் பாதியை இரண்டாம் பாதியே மறுக்கிறது. ஐ.எஸ். எண்ணை எழுதியவர் அந்த நூலுக்குள்ளே இருக்கும் அட்டவணையைத் திறக்கவே இல்லை.

கடலோர வீடு:
ஐயோ. கவர் பிளாக் எல்லாம் 20 மி.மீ.தான் வைத்தார்கள். மாடித் தூண்கள் இன்னும் போடவில்லை.

சைட் இன்ஜினியர்:
அப்போ தூணுக்கு முன்னால் ஒப்பந்தத்தைத் திருத்துங்கள். சூழல் வகை, கிரேடு, சிமென்ட் அளவு, கவர், எத்தனை மாதிரி, ஃபெயிலானால் கோர் செலவு யாருடையது, எல்லாம் எழுத்தில் வரட்டும். தண்ணீரை மூட்டைக் கணக்கில் போடுங்கள்: 50 கிலோ மூட்டைக்கு 22.5 லிட்டர், மணலில் இருக்கும் ஈரமும் அதற்குள். மெஷின்காரர் வாளியைத் தூக்கினால் அளந்து ஊற்றச் சொல்லுங்கள். கலவை இறுகினால் அதை இளக்கும் ரசாயனம், பிளாஸ்டிசைசர், இருக்கிறது; தண்ணீர் கூடாது.

போட்ட தளத்துக்குக் கவர் அளவை எடுத்துக்கொண்டு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைப் பாருங்கள். கோர் தேறினாலும் கம்பி துருப்பிடிக்காது என்று ஆகாது.

கடலோர வீடு:
திங்கட்கிழமை லேபுக்குப் போன் செய்கிறேன் சார். பாக்கிப் பணம் அதுவரை என்னிடமே இருக்கட்டும்.