‘லோகோ’வுக்கு ஒரே சொல் போதுமா? (கலைச்சொல் விவாதம்)

தருமபுரி பதாகைக் கடைக்காரர் எழுதியது:

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

தருமபுரி நான்கு ரோடு பக்கம் பதாகை அச்சிடும் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் பதினைந்து ஆண்டு சுவரெழுத்து எழுதிய கை இது. ஃபிளெக்ஸ் வந்த நாளில் மண்ணெண்ணெயில் ஊறப்போட்ட தூரிகை இன்னும் ஊறிக்கொண்டிருக்கிறது. பக்கத்துப் பள்ளி ஒன்றில் கண்காட்சி வைக்கிறார்கள். தொலைக்காட்சி நிலையங்களின் லோகோ காலந்தோறும் எப்படி மாறியது என்று எட்டுப் பலகை கேட்டிருக்கிறார்கள். படமெல்லாம் தயார். எழுத்து முழுக்கத் தமிழில் வேண்டும் என்று ஆசிரியை சொல்லிவிட்டார். அங்கேதான் சிக்கிக்கொண்டேன்.

லோகோவுக்குத் தமிழ்ச் சொல் இல்லை என்று அழ வரவில்லை. அதிகமாக இருப்பதுதான் தொல்லை. ‘சின்னம்’ என்றால் நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குத் தேர்தல்தான் நினைவுக்கு வரும். 1993 ஏப்ரல் 14 அன்று தொடங்கிய சன் டிவியின் படத்துக்குக் கீழே ‘சின்னம்: சூரியன்’ என்று எழுதிப் பாருங்கள், பலகையை மாட்டி முடிப்பதற்குள் சண்டை வந்துவிடும். ‘முத்திரை’ எடைக்கல்லில் அதிகாரி குத்துவது. சரிபார்த்தாயிற்று என்று பொருள். ‘இலச்சினை’ பத்திரிகைகளில் வழங்குகிறது, அதை ஏற்க எனக்குத் தடையில்லை. ஆனால் அந்த ஒரு சொல் மூன்று வேலை பார்க்குமா?

தூர்தர்ஷனையே எடுத்துக்கொள்வோம். டெல்லியில் 1959 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. வானொலியிலிருந்து பிரிந்து தனிக்குடித்தனம் போனது 1976 ஏப்ரல் 1 அன்று. அந்தப் பிரிவினையை ஒட்டித்தான் கண் வந்தது. அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் மாணவராக இருந்த தேவாசிஷ் பட்டாச்சார்யா வரைந்தது: நடுவில் ஓர் உருண்டை, இரு பக்கமும் அதை அணைத்தபடி இரண்டு வளைவு. காகிதத்தில் இருக்கும் அந்த வடிவம் ஒன்று. அதன் படிகளைக் கேமராவுக்கு அடியில் வைத்துச் சுழற்றிச் சுழற்றிப் படமெடுத்து, கடைசியில் கண்ணாக வந்து சேரும்படி செய்தார்களே, கூடவே ரவிசங்கரும் ஷெனாய்க் கலைஞர் அலி அகமது உசேன் கானும் அமைத்த இசை, அது இன்னொன்று. எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து டி.வி. அறையில் பெட்டியின் மரக்கதவைத் தள்ளிவிட்டு நாங்கள் காத்துக் கிடந்தது அந்தச் சுழற்சிக்குத்தான். வளைவுகள் கூடிக் கண்ணாகும்வரை ஒருவரும் பேசமாட்டோம். மூன்றாவது, நிகழ்ச்சி ஓடும்போது திரையின் மூலையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் குட்டி உருவம்.

மூன்றையும் நாம் லோகோ என்றே சொல்கிறோம். ஆங்கிலத்தில் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். மூலையில் இருப்பதற்குப் ‘பூச்சி’ என்று பெயராம். அப்படியே எழுதினால் பிள்ளைகள் பலகையில் பூச்சியைத் தேடுவார்கள். வழி சொல்லுங்கள்.

காவேரிப்பட்டணம் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

தம்பிக்கு,

‘பொறி’ என்ற சொல்லை ஏன் மறந்தாய்? பட்டினப்பாலையில் சுங்கச்சாவடிக் காட்சி வருகிறது. பண்டங்களின்மேல் ‘புலி பொறித்து’ வெளியே அனுப்புகிறார்கள். சோழனுடைய அடையாளம் மூட்டையின்மேல் விழுகிறது. லோகோ செய்கிற வேலை வேறென்ன? பொறி, பொறித்தல், பொறிப்பு என்று பெயரும் வினையும் ஒரே வேரில் கிடைக்கின்றன. இலச்சினைக்கு அந்த வசதி கிடையாது. இலச்சினை இடு, இலச்சினை வை என்று துணைக்கு ஒரு வினையைத் தேட வேண்டும். நிலையான வடிவுக்குப் பொறி, அசைவதற்கு அசைபொறி, மூலையில் உள்ளதற்கு மூலைப்பொறி. முடிந்தது.

இன்னொன்று. சில நிலையங்கள் படம் ஏதும் இல்லாமல் தம் பெயரையே ஒரு வடிவமாக எழுதி வைத்துக்கொள்கின்றன. அதற்குக் ‘கண்ணெழுத்து’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்துப் பண்டசாலையைச் சொல்லும் இடத்தில் ‘தம்பெயர் பொறித்த கண்ணெழுத்துப் படுத்த எண்ணுப் பல்பொதி’ என்று வருகிறது. வணிகர்கள் தம் பெயரை எழுதிய மூட்டைகள். அந்தப் பட்டினம் வேறு, எங்கள் பட்டணம் வேறு. இங்கே ஓடுவது தென்பெண்ணை. ஆனாலும் மாம்பழக் காலத்தில் மண்டிக்காரர் எழுத்து வெட்டிய தகரத்தைப் பெட்டியின்மேல் வைத்து மை தடவும்போதெல்லாம் எனக்கு அந்த வரிதான் ஓடும். இரண்டே எழுத்து. யாருடைய சரக்கு என்று மண்டி முழுவதற்கும் தெரிந்துவிடும்.

ஓசூர் படத்தொகுப்பாளர் எழுதியது:

ஐயாவுக்கும் அண்ணனுக்கும் வணக்கம்.

ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். ‘மூலைப்பொறி’ என்பதை அலுவலகத்தில் வாய்விட்டுப் படித்தேன். எலி வந்துவிட்டதா என்று பக்கத்து மேசையிலிருந்து கேட்டார்கள். எலிப்பொறி, தீப்பொறி, பொறியாளர் என்று அந்தச் சொல் ஏற்கெனவே மூன்று வீட்டில் வேலை பார்க்கிறது. நான்காவது வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். கண்ணெழுத்து அழகான சொல். ஆனால் அண்ணனுடைய முதல் பலகையிலேயே தூர்தர்ஷனின் கண் இருக்கிறது. அமெரிக்காவின் சி.பி.எஸ். நிலையத்துக்கு 1951 இல் வில்லியம் கோல்டன் கொடுத்ததும் கண்தான். இரண்டு கண்ணுக்குப் பக்கத்தில் கண்ணெழுத்து என்று இருந்தால், கண் போட்டிருப்பதால் அந்தப் பெயர் என்றுதான் பிள்ளைகள் குறித்துக்கொண்டு போவார்கள்.

மூலையில் இருப்பதற்கு என்னிடம் ஒரு சொல் உண்டு. என் பாட்டி வீட்டுத் துணிகளில் ஓரத்தில் ஒரு கறுப்பு அடையாளம் இருக்கும். துணி வெளுப்பவர் சேங்கொட்டைப் பாலால் இட்டது. வீட்டுக்கு வீடு வேறு வேறு குறி. எத்தனை முறை வெளுத்தாலும் போகாது. ஊர்த் துணியெல்லாம் ஒன்றாகக் கலந்தாலும் எது எந்த வீட்டுடையது என்று மூலையைப் பிடித்தால் தெரிந்துவிடும். தொலைக்காட்சித் திரையின் மூலையில் இருப்பதும் அதற்காகத்தானே? யார் எடுத்து எங்கே ஒளிபரப்பினாலும் இது எங்கள் வீட்டுத் துணி என்று சொல்ல. ஆகவே ‘மூலைக்குறி’. (வெறும் ‘குறி’ என்று பள்ளிக்கூடத்தில் எழுத வேண்டாம், காரணம் உங்களுக்கே தெரியும்.)

அசைவதற்கு ‘அசைவிலச்சினை’ என்று யாராவது சொல்லும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். பி.பி.சி. 1969 முதல் 1985 வரை நிகழ்ச்சிகளுக்கு இடையில் காட்டிய உலக உருண்டை வெறும் ஓவியம் அல்ல. கருவியில் சுழலும் உண்மையான பூகோளம், அதற்குப் பின்னால் வளைந்த கண்ணாடி, எதிரே கேமரா. அதற்கும் முன்னால் 1953 இல் ஏப்ரம் கேம்ஸ் உருவாக்கி, ‘வௌவால் சிறகு’ என்று செல்லப்பெயர் பெற்றதும் பித்தளையில் செய்த மாதிரிதான். இலச்சினை ஒன்று முதலில் இருந்து பிறகு அசைந்தது என்று இவற்றைச் சொல்ல முடியாது. அசைவதற்கென்றே செய்த பொருள்கள். இலச்சினைக்கு முன்னால் ஓர் ‘அசை’யை ஒட்டினால் கதை தலைகீழாகிவிடும். நல்ல சொல் எது என்று கேட்டால் என்னிடம் இல்லை.

ஓர் உபரி. நான் காலையில் தேநீர் குடிக்கும் கடையில் நாள் முழுவதும் ஒரே செய்தி நிலையம்தான் ஓடும். கடைக்காரர் எப்போதாவது பாட்டுக்கு மாற்றினாலும் அந்தப் பழைய மூலைக்குறி திரையில் மங்கலாகப் பதிந்து நிற்கிறது. இதற்கும் ஒரு சொல் வேண்டும். ‘தழும்பு’ என்று வைக்கலாமா?

தருமபுரி பதாகைக் கடைக்காரர் மீண்டும்:

சகோதரி, மூலைக்குறியை எடுத்துக்கொண்டேன். அச்சுக்கே அனுப்பிவிட்டேன், இனி ஐயா மறுத்தாலும் ஃபிளெக்ஸ் காசு வீணாகும்.

மற்றதற்கும் சொல் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். நேற்று இரவு நான்காம் பலகையில் என்.பி.சி. மயில்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். இந்த மயிலின் கதை கொஞ்சம் நீளம், ஆனால் நம் விவாதத்துக்கு அது வேண்டும்.

அமெரிக்காவின் என்.பி.சி. அந்தக் காலத்தில் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் பிள்ளை. ஆர்.சி.ஏ. வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி விற்றது. வண்ணத்தில் நிகழ்ச்சி வருகிறது என்று தெரிந்தால்தான் பெட்டி விற்கும். 1956 இல் ஜான் கிரஹாம் பதினோரு இறகு விரித்த ஒரு மயிலை வரைந்தார். நிலையத்தின் அடையாளமாக அல்ல. அடுத்து வருவது வண்ண நிகழ்ச்சி என்று முன்கூட்டிச் சொல்வதற்காக. நிலையத்தின் பெயருக்கு 1959 முதல் வேறு வடிவம் இருந்தது. மூன்று எழுத்தும் பாம்பாக நெளிந்து ஒன்றோடொன்று பிணைந்த வடிவம். பாம்பும் மயிலும் ஒரே இடத்தில் ஒற்றுமையாக இருப்பது முருகன் படத்தில் மட்டும்தான் என்று இதுவரை நினைத்திருந்தேன்.

1976 இல் இரண்டையும் அனுப்பிவிட்டுச் சிவப்பும் நீலமுமாக இரண்டு சரிவகங்களைச் சேர்த்த ‘என்’ எழுத்தைக் கொண்டுவந்தார்கள். பெரும் செலவு. பார்த்தால், நெப்ராஸ்கா மாநிலத்தின் கல்வித் தொலைக்காட்சி ஏறக்குறைய அதே எழுத்தை ஏற்கெனவே வைத்திருக்கிறது. அவர்களுக்கு ஆன செலவு நூறு டாலருக்கும் குறைவு! வழக்கு வந்தது. 8 லட்சம் டாலருக்கு மேல் மதிப்புள்ள கருவிகளும், வேறு லோகோ செய்துகொள்ள 55,000 டாலரும் கொடுத்துச் சமாதானம் பேசினார்கள். சுவரெழுத்துக்காரன் எவனும் இந்த இடத்தைச் சிரிக்காமல் தாண்டமாட்டான். 1979 இல் மயிலைத் திரும்ப அழைத்து அந்த ‘என்’ எழுத்தின்மேலேயே உட்காரவைத்தார்கள். 1986 இல் எழுத்து போனது, பதினோரு இறகு ஆறானது, இடப்பக்கம் பார்த்த மயில் வலப்பக்கம் திரும்பியது. சிறு திருத்தங்களோடு இன்றும் அதுதான்.

இதை அடுக்கும்போதுதான் உறைத்தது. அந்த மயில் இலச்சினையாகப் பிறக்கவில்லை, கட்டியமாகப் பிறந்திருக்கிறது.

நம் பக்கத்துக் கூத்தை நினைத்துப் பாருங்கள். வேஷம் நேராக வந்து நிற்காது. இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொள்வார்கள். பின்னால் சலங்கை ஒலிக்கும், கிரீடத்தின் நுனி தெரியும். கட்டியங்காரன் எந்த நாடு, என்ன பேர் என்று விசாரிப்பான், பதில் வரும். அதற்குப் பிறகுதான் திரை விலகிக் கதை நடக்கும். கட்டியத்தில் கதை கிடையாது. ஆனால் அது இல்லாமல் துரியோதனன் வந்தால் பக்கத்து ஊர்க்காரர் யாரோ வந்த மாதிரிதான் இருக்கும்.

நிலையம் தன்னை அறிவித்துக்கொள்ளும் அந்தச் சில நொடிக்கும் ‘கட்டியம்’ என்றே பெயர் வைக்கிறேன். பூகோளம் சுழன்றாலும் கட்டியம், கண் கூடினாலும் கட்டியம். அசைய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நிலையான வடிவுக்கு இலச்சினையே இருக்கட்டும்.

காவேரிப்பட்டணம் தமிழாசிரியர்:

தம்பி, பொறியை விட்டுக்கொடுக்கிறேன். எலியோடு போட்டி போட முடியாது.

கட்டியத்துக்கு இரண்டு தடை சொல்வேன். ‘மாற்றத்துக்குக் கட்டியம் கூறுகிறது’ என்று நாளேடுகள் எழுதி எழுதி, வரப்போவதை முன்னறிவிப்பது என்ற பொருள் ஏறிவிட்டது. அடுத்தது, கட்டியம் பிறர் சொல்வது. தன் பெருமையைத் தானே கல்லில் வெட்டி முன்னால் வைத்துக்கொள்வதற்கு ‘மெய்க்கீர்த்தி’ என்று பெயர். சோழன் கல்வெட்டுகளில் எந்தத் தானத்தைச் சொல்வதற்கு முன்பும் மாறாமல் அதே வரிகள் வரும். பொருத்தம் என்று பார்த்தால் அதுதான் பொருத்தம். ஆனால் தொலைக்காட்சியில் மெய்க்கீர்த்தி ஓடுகிறது என்று சொன்னால் ஓசூர் மகள் அலுவலகமே சிரிக்கும். கூத்து பார்த்தவனுக்குக் கட்டியம் உடனே விளங்கும். எழுதிக்கொள்.

பெயரெழுத்து வடிவத்துக்கு மட்டும் கண்ணெழுத்தைக் கைவிட மாட்டேன். பலகையில் வேண்டாம் என்றால் சரி, குழுவின் சொற்பட்டியலில் இருக்கட்டும்.

ஓசூர் படத்தொகுப்பாளர்:

படம் இல்லாமல் ஒலி மட்டும் வந்தால் ‘ஒலிக்கட்டியம்’ என்று சொல்லலாம் அல்லவா? அதே என்.பி.சி. தன் மூன்று மணியோசையை 1950 இல் அடையாளக்குறியாகவே பதிவு செய்திருக்கிறது. அந்தப் பதிவே மயிலுக்கு ஆறு ஆண்டு மூத்தது. தூர்தர்ஷன் ஷெனாயும் அந்தக் கணக்கில் வந்துவிடும்.

அண்ணா, கடைசிப் பலகையில் 2024 இருக்கிறதா? அந்த ஆண்டு ஜனவரி 19 அன்று பொதிகை ‘டிடி தமிழ்’ ஆனது. ஏப்ரலில் டிடி நியூஸ் தன் சிவப்பை மாற்றிக்கொண்டது. இரண்டையும் ‘புதிய இலச்சினை’ என்றே எழுதப்போகிறீர்களா?

தருமபுரி பதாகைக் கடைக்காரர்:

இருக்கிறது. முதலாவதற்குப் ‘பெயர்மாற்றம்’ என்று போட்டிருக்கிறேன். இரண்டாவதற்கு ‘நிறமாற்றம்’ மட்டும். அங்கே கண் அதே கண்தான். சிவப்பு போய் என்ன நிறம் வந்தது என்று ஆசிரியை கேட்டார். ஆரஞ்சு என்றது தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி, காவி என்றார்கள் எதிர்த்தவர்கள். நான் நிறத்தின் பெயரை எழுதவே இல்லை. மையைப் பார்த்து அவரவர் சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

தழும்பையும் சேர்த்துவிட்டேன், சகோதரி. அதற்குப் படம் இல்லை. உங்கள் தேநீர்க் கடைத் திரையைக் கைப்பேசியில் எடுத்து நாளைக் காலைக்குள் அனுப்ப முடியுமா? எந்த நிலையம் என்று தெரியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.