கண்ணுக்குள் ரத்தம் கசிந்தபோது டாக்டர் உங்களிடம் முதலில் என்ன கேட்டார்?

திரியைத் தொடங்கியவர்

எனக்கு அப்போது 27 வயது, அம்பத்தூரில் டிசைன் வேலை. ஒரு திங்கட்கிழமை காலை பல் தேய்க்கும்போது வாஷ்பேசினில் ஒரு முடி ஒட்டியிருப்பதாக நினைத்துத் தண்ணீரை ஊற்றினேன். போகவில்லை. பார்வையைத் திருப்பினால் அதுவும் கூடவே வந்தது. சாயங்காலத்துக்குள் இடது கண்ணில் ஒட்டடை கட்டியது மாதிரி ஆகிவிட்டது. வலி துளியும் இல்லை. அதுதான் என்னை ஏமாற்றியது. தூக்கம் கெட்டதால் இருக்கும் என்று மூன்று நாள் ஓட்டினேன்.

நாலாவது நாள் கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து விட்டு, முக்கால் மணி நேரம் கண்ணை மூடி உட்காரவைத்தார்கள். டாக்டர் தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு மேலே பார், கீழே பார் என்று பார்த்துவிட்டு, "சுகர், பிபி ஏதாவது?" என்றார். இல்லை என்றேன். அடுத்து, "வீட்ல யாருக்காவது டிபி இருந்திருக்கா தம்பி?"

தாத்தாவுக்கு இருந்தது. ஆனால் கண்ணுக்காக வந்தவனிடம் இதை ஏன் கேட்கிறார் என்று புரியவில்லை. நெஞ்சுக்கு எக்ஸ்ரே, உடம்பில் டிபி கிருமி நுழைந்திருக்கிறதா என்று பார்க்கக் கையில் மாண்டூ ஊசி. மூன்றாம் நாள் ஊசி போட்ட இடம் நல்ல தடிப்பாக வீங்கியிருந்தது, எக்ஸ்ரே சுத்தம். நான் பயந்துபோய்க் கையை நீட்ட, அவர் ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு, "நம்ம ஊர்ல நிறைய பேருக்கு இது வீங்கத்தான் செய்யும்" என்று சாதாரணமாகச் சொன்னார். நோயின் பெயர் ஈல்ஸ். விழித்திரையின் ஓரத்தில் இருக்கும் சிரைகள் அழற்சியால் அடைத்துப்போகும். ரத்தம் போகாத அந்தப் பகுதி புதுக் குழாய்களை முளைக்கவைக்கும். அவை நோஞ்சான் குழாய்கள், உடைந்து உள்ளே இருக்கும் ஜெல்லில் கசியும். பெரும்பாலும் ஆண்கள், இருபதுகளிலும் முப்பதுகளிலும். நான் நல்ல கண் என்று நம்பியிருந்த வலது கண்ணிலும் ஆரம்பித்திருந்தது. ஸ்டீராய்டு மாத்திரை, இரண்டு கண்ணுக்கும் லேசர். சரியானது.

விஷயம் இனிமேல்தான். மூன்று வருஷம் கழித்து வேலைக்காக இங்கிலாந்து வந்தேன். வந்த இடம் பர்மிங்காம். இரண்டாவது குளிர்காலத்தில் வலது கண்ணில் கசிந்தது. அங்கே கண் டாக்டர், என் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு, முதலில் கேட்டது: "நீங்கள் எங்கே பிறந்தீர்கள்?" எனக்குச் சுருக்கென்றது. வெள்ளைக்காரனாக இருந்தால் இதைக் கேட்பாளா என்று உள்ளுக்குள் பொருமினேன். பரிசோதித்து முடித்ததும் இரண்டு மாணவர்களைக் கூப்பிட்டு, "புத்தகத்தில் படித்திருப்பீர்கள், இப்போது பாருங்கள்" என்றார். அப்புறம் எனக்கு ஒரு கதை சொன்னார். ஹென்றி ஈல்ஸ் இதே பர்மிங்காம் டாக்டர்தானாம். 1880-இல் இந்த ஊர் இளைஞர்களிடம் இதைப் பார்த்து எழுதியிருக்கிறார். கூடவே மூக்கில் ரத்தமும் மலச்சிக்கலும் இருந்ததாகக் குறித்திருக்கிறார். (எனக்கு இரண்டும் கிடையாது என்று அவசரமாகச் சொன்னேன்.) ஒரு காலத்தில் அந்த ஊர்க்காரர்களுக்கு வந்த நோய் அங்கே அபூர்வமாகிவிட்டது. இப்போது அதிகம் வருவது இந்தியா, பாகிஸ்தான் பக்கத்து ஆட்களுக்கு. பிறந்த ஊரைக் கேட்டதன் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது.

இன்னொன்று. அங்கே டிபிக்கு ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள், பாசிட்டிவ். அவ்வளவுதான், நெஞ்சுக்கு சிடி ஸ்கேன், டிபி கிளினிக், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரணை. சென்னையில் தோளைக் குலுக்கிவிட்டுப் போன அதே விஷயம்! உடம்பு ஒன்றுதான். கிருமி உறங்கிக்கொண்டிருக்கும் ஆட்கள் மலிந்த ஊரில் பாசிட்டிவ் என்பது எதையும் நிரூபிக்காது. குறைந்த ஊரில் அது துருத்திக்கொண்டு தெரிகிறது. இரண்டு டாக்டருமே சரி என்றுதான் எனக்குப் படுகிறது.

உங்களுக்கு எந்த ஊரில், என்ன முதலில் கேட்டார்கள்?

மதுரை, ரெட்டினா பிரிவில் படம் எடுப்பவன்

சகோ, மஞ்சள் சாயம் ஏற்றி விழித்திரை ரத்தக் குழாய்களைப் படம் பிடிப்பது, அதாவது ஆஞ்சியோகிராம் எடுப்பது, என் வேலை. 11 வருஷமாகிறது. "சார், யூரின் மஞ்சளா வரும், பயப்படாதீங்க" என்று தினம் நாற்பது முறை சொல்கிறேன். வருபவர்களில் பெரும்பாலானோர் அம்பது வயது தாண்டிய சர்க்கரைக்காரர்கள். நடுவில் திடீரென்று இளந்தாரி ஒருவர் வருவார், பெரும்பாலும் துணைக்கு ஆள் இல்லாமல். ஸ்கிரீனில் ஓரத்துச் சிரை ஓரமெல்லாம் சாயம் ஒழுகும், அதைத் தாண்டி ஒரே கறுப்பு, ரத்தமே போகாத இடம். பார்த்ததும் எனக்கே தெரிந்துவிடும், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. இதே படம் ஒரு இளம் பெண்ணிடம் வந்தால் எங்கள் டாக்டர் எழுதும் பரிசோதனைச் சீட்டே மாறும். மூட்டு வலி, முகத்தில் தடிப்பு என்று கேட்டு, உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ் நோயின் பக்கம் போவார்.

ஈல்ஸ் என்பது மற்றதெல்லாம் இல்லை என்று ஆன பிறகு வைக்கும் பெயர். டிபி கிருமிக்கும் இதற்கும் என்ன உறவு என்பதில் பெரிய டாக்டர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. சென்னை சங்கர நேத்ராலயாவில், ஈல்ஸ் நோயாளிகளின் விழித்திரை மேலிருந்து ஆபரேஷனில் உரித்தெடுத்த சவ்வில், துளி டிஎன்ஏ இருந்தாலும் பெருக்கிக் காட்டும் பிசிஆர் சோதனை செய்து டிபி கிருமியின் டிஎன்ஏவைக் கண்டார்கள். 2000-இல் கட்டுரையாக வந்தது. ஆனால் கிருமியே கண்ணில் உட்கார்ந்து கெடுக்கிறதா, அதன் மீதான உடம்பின் கோபம்தான் கண்ணைக் கெடுக்கிறதா என்பது வேறு கேள்வி.

திருநெல்வேலி, ஒரு மனைவி

என் வீட்டுக்காரருக்கு ஸ்டீராய்டோடு டிபி மாத்திரையும் கொடுத்தார்கள். யூரின் ஆரஞ்சு கலரில் போனதும் கண்ணில் வடிந்த ரத்தம்தான் இப்படிப் போகிறது என்று என் மாமியார் அழுதுவிட்டார். அது மாத்திரையின் நிறம், கவலைப்படாதீர்கள். ஆனால் அந்த டிபி மாத்திரைகளில் ஒன்றான எத்தாம்பியூட்டால் கண் நரம்பையே பாதிக்கலாம் என்று, சிவப்பு பச்சை சரியாகத் தெரிகிறதா என அடிக்கடி சோதித்தார்கள். கண்ணைக் காப்பாற்றக் கொடுக்கும் மருந்துக்கும் கண்ணைக் காவல் காக்க வேண்டியிருக்கிறது!

பெர்லினிலிருந்து

என்னிடம் முதலில் கேட்டது: "வாயில் அடிக்கடி புண் வருமா?" எரிச்சலாக வந்தது. கூட வேலை பார்க்கும் துருக்கி நண்பனிடம் புலம்பினேன். அவன் சிரித்துவிட்டு, தன் மாமாவின் கதையைச் சொன்னான். வாய்ப்புண், அந்தரங்கத்தில் புண், கடைசியில் விழித்திரைக் குழாய்கள் அடைத்து ஒரு கண் போயே போய்விட்டது. பெஹ்செட் நோய். 1937-இல் இஸ்தான்புல் தோல் மருத்துவர் ஹுலூசி பெஹ்செட் விவரித்தது. துருக்கியிலிருந்து ஈரான் வழியாக ஜப்பான் வரை, பழைய பட்டுப் பாதை ஊர்களில்தான் அதிகம். அந்தப் பாதையில் எச்எல்ஏ பி51 என்ற மரபணு வகையும் அதிகம்.

எனக்குச் சுவாரசியமாகப் பட்டது இதுதான்: ஜெர்மனியில் குடியேறிய துருக்கியர்களுக்கு இது ஜெர்மானியர்களைவிட மிக அதிகம், துருக்கியிலேயே இருப்பவர்களைவிடக் குறைவு. பரம்பரை மட்டும் காரணம் என்றால் ஊர் மாறினாலும் அளவு மாறக் கூடாதே? பெர்லின் கண் டாக்டர்கள் அன்றாடம் துருக்கியர்களைப் பார்க்கிறார்கள், அந்தக் கேள்வி அவர்கள் நாக்கு நுனியில் இருக்கிறது. எனக்கு வாய்ப்புண் இல்லை. கடைசியில் டிபி பக்கம்தான் வந்தார்கள், ஆறு வாரம் கழித்து.

லண்டனில் நர்ஸ், சொந்த ஊர் கூடலூர்

எங்கள் கிளினிக்கில் கரீபியன், மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் நிறைய. ஓரத்தில் குழாய் அடைத்து, கடல் விசிறி மாதிரி புதுக் குழாய் விரிந்திருந்தால் இங்கே முதல் சந்தேகம் அரிவாள் செல் நோய், அதாவது ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்துபோகும் பரம்பரை நோய். உடம்பை அதிகம் படுத்துவது அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அரிவாள் மரபணு வந்த எஸ்எஸ் வகை, ஆனால் கண்ணை அதிகம் கெடுப்பது, ஒருவரிடமிருந்து அரிவாள் மரபணுவும் மற்றவரிடமிருந்து சி என்ற வேறு மரபணுவும் வந்த, லேசானது என்று சொல்லப்படும் எஸ்சி வகை. நன்றாக நடமாடிக்கொண்டிருப்பவர்தான் கண்ணோடு வந்து நிற்பார்.

நீலகிரிக்காரர்கள் கவனிக்க: இந்தியாவில் அரிவாள் செல்லை முதலில் கண்டு எழுதியதே நம் மலைப் பழங்குடிகளிடம்தான், 1952-இல். நம் பக்கத்து அரிவாள் செல் வகையில், கைக்குழந்தைகளின் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் வகை பெரியவர்களானாலும் கூடுதலாகத் தங்குவதால் நோய் பொதுவாகக் கொஞ்சம் மிதமாகப் போகிறது. அதற்காகக் கண் பார்க்காமல் விட வேண்டாம்.

புதியவர், ஈரோடு

அண்ணே, எனக்கு 24 வயசு. நேத்திலிருந்து வலது கண்ணில் கறுப்பு நூல் நெளியுது. லேசர் வலிக்குமா?

திரியைத் தொடங்கியவர்

தம்பி, லேசரைப் பற்றி அப்புறம் பேசலாம். பச்சை வெளிச்சம் பட்பட்டென்று அடிக்கும், சில இடத்தில் பல் கூசுவது மாதிரி ஒரு சுரீர், அவ்வளவுதான். மூன்று நாள் விட்ட என் முட்டாள்தனத்தைச் செய்யாதே, நாளைக்கே போ. இரண்டு கண்ணையும் மருந்து விட்டுப் பார்க்கச் சொல். ராத்திரி இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படு, ரத்தம் கீழே படியும். வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா என்று இன்றைக்கே அம்மாவிடம் கேட்டு வைத்துக்கொள். பைக்கில் போகாதே, மருந்து விட்ட பிறகு திரும்பி ஓட்ட முடியாது.