மழை நேரத்தில் வீட்டுக்குள்ளே மாவு, மண், சாயம்: எங்கே விளையாட விடுவது, எப்படிக் கழுவுவது?

பெர்ஜுந்தை அம்மா:
வணக்கம். நாங்கள் மலேசியாவில் சிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை ஆட்கள் (பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா, ஆனால் வீட்டில் யார் அப்படிச் சொல்கிறோம்). தோட்டத்து லயத்தை (வரிசை வீட்டை) விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. மகனுக்கு மூன்றரை வயது, மகளுக்கு 14 மாதம். மதியம் மூன்று மணி ஆனால் மழை பிடித்துக்கொள்கிறது, வெளியே விட முடியாது, கைப்பேசியைக் கொடுத்தால்தான் பையன் ஓர் இடத்தில் உட்காருகிறான், அது எனக்குப் பிடிக்கவில்லை. சரி, கையை அழுக்காக்கி விளையாடட்டும் என்று போன வாரம் சோளமாவில் தண்ணீர் கலந்து ஒரு பேசினில் ஊற்றி ஹாலில் வைத்தேன். அரை மணி நேரம் வீட்டில் சத்தமே இல்லை. அப்புறம்தான் கூத்து. ஈர மொப்பால் துடைக்கத் துடைக்க வெள்ளைப் படலம் ஹால் முழுக்கப் பரவியது, மகள் அதில் வழுக்கி உட்கார்ந்தாள், மிச்சத்தை சிங்கில் ஊற்றினேன், மறுநாள் காலையில் தண்ணீர் இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்து மாமியார் வந்து, "சாப்பிடுற மாவக் கால்ல மிதிக்க விட்டிருக்கியே" என்று ஒரே ஏச்சு.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: ஹால் சரியா, பின்னால் அடுப்படிப் பக்கம் சரியா? தரையில் என்ன விரிக்கிறீர்கள்? இரண்டு வயதுக்கும் சேர்த்து எதைக் கொடுக்கலாம்? வேலைக்குப் போய் வந்து ஒரு மணி நேரம் தரை துடைக்க என்னால் முடியாது.

பாலர் பள்ளி டீச்சர்:
தங்கச்சி, மாவு பேசாமல்தான் இருந்தது, நீங்கள் தண்ணீர் ஊற்றித்தான் கெடுத்தீர்கள். சோளமாவு தண்ணீரில் கரையாது, மிதந்து கிடந்துவிட்டு அடியில் படியும். அதனால்தான் மொப்பு அதைத் தேய்த்துப் பரப்பியது, அதனால்தான் சிங்கு குழாயின் வளைவில் போய்ப் படிந்து அடைத்துக்கொண்டது. அடுத்த முறை சிந்தியதை அப்படியே விட்டுவிடுங்கள், காற்றாடியைப் போட்டு ஒரு மணி நேரம் காய விட்டால் பொடிப்பொடியாக உதிரும், விளக்குமாற்றால் கூட்டி அள்ளலாம், கடைசியில்தான் ஈரத்துணி. பேசினில் மிஞ்சியதும் அப்படித்தான், தெளிந்த தண்ணீரை வடித்துவிட்டு அடியில் இருப்பதைக் குப்பைப் பையில் போடுங்கள்.

நான் எங்கள் வகுப்பில் எதை எடுத்தாலும் முதலில் யோசிப்பது, இது எப்படி வெளியே போகும் என்பதைத்தான். சோளமாவு காய்ந்து போகும். களிமண் நேர் எதிர், காய்ந்ததைக் கூட்டினால் நுண்ணிய தூசி எழும்பி மூக்கில் ஏறும், அதை ஈரமாக இருக்கும்போதே துடைக்க வேண்டும். கையைக்கூட வாளியில் கழுவி, மண் அடியில் தங்கிய பிறகு மேல் தண்ணீரை மட்டும் வெளியே ஊற்றுங்கள். மஞ்சள் தூளில் சாயம் செய்தால் சோப்பு போட்டதும் கறை சிவப்பாக மாறும், பதறாதீர்கள், அலசி வெயிலில் காயப் போட்டால் இரண்டு மூன்று நாளில் வெளுத்துவிடும். நீலத்துக்கு சங்குப்பூவை (மலாய்க்காரர்கள் புங்கா தெலாங் என்பார்கள், நாசி கெராபு என்ற நீலச் சோற்றில் போடுவது) சுடுநீரில் ஊற வைத்தாலே போதும், அதில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாக மாறும். அந்த ஒன்றையே பிள்ளைகள் பத்து முறை செய்து பார்ப்பார்கள்.

சின்னவள் வாயில் வைக்கும் வயது. பச்சைக் கோதுமை மாவில் நோய்க்கிருமி இருக்கலாம், சும்மா பிசைந்து கொடுக்காதீர்கள். மாவு இரண்டு கப், உப்பு ஒரு கப், தண்ணீர் இரண்டு கப், எண்ணெய் இரண்டு கரண்டி, எலுமிச்சைச் சாறு கொஞ்சம், இதையெல்லாம் சட்டியில் போட்டு உருண்டு வரும்வரை கிளறி ஆற வைத்தால் பையனுக்கு நல்ல பிசைமாவு. உப்பு அதிகம் என்பதால் அது சின்னவளுக்கு வேண்டாம். அவளுக்குத் தயிரில் சங்குப்பூ நீலம் கலந்து நாற்காலித் தட்டில் ஊற்றுங்கள், அதைத் தாராளமாக நக்கட்டும். பூச்சாடிக்கு விற்கும் ஜெல்லி மணிகளை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். விழுங்கினால் வயிற்றுக்குள் ஊதிக் குடலை அடைக்கும், எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது. அமெரிக்காவில் பெரிய கடைகள் அதைப் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளாக விற்பதை 2023 கடைசியில் நிறுத்திவிட்டன.

பால்மரத்துப் பேத்தி:
உங்கள் மாமியார் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறதுக்கா. போரில் ஜப்பான்காரன் இங்கே ஆண்ட காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்று பிழைத்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு மாவு மாவுதான். எங்கள் பாட்டி சிந்திய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்குவார். நான் வாதாடவில்லை, தின்கிற பொருளையே விட்டுவிட்டேன். கம்போங் குவாந்தான் பக்கம் பொங்கல் பானையும் அகல் விளக்கும் செய்யும் நம் ஆட்கள் இருக்கிறார்களே, அங்கே ஒரு உருண்டை களிமண் கேட்டு வாங்கினேன், ஈரத்துணி சுற்றி மூடிய டப்பாவில் வைத்து வருடக் கணக்கில் அதையேதான் பிசைகிறோம். செம்பனை (எண்ணெய்ப் பனை) காட்டு மண்ணை மட்டும் அள்ளிவராதீர்கள். பாரகுவாட் என்ற களைக்கொல்லி 2020 தொடக்கத்தில் இங்கே தடை ஆகிவிட்டது என்றாலும் மற்ற களைக்கொல்லியும் உரமும் இருக்கத்தான் செய்கின்றன, எலி மூத்திரம் வேறு.

சாயம் ஊற்ற என்ன பாத்திரம் தெரியுமா? பால் மங்கு, ரப்பர் மரத்துப் பால் பிடிக்கும் கிண்ணம். எங்கள் தாத்தா பால்மரம் சீவிய காலத்துப் பீங்கான் மங்கு எட்டு, வீட்டுக்குப் பின்னால் குப்புறக் கிடந்தன. உள்ளே ஒட்டியிருந்த காய்ந்த ரப்பர் பாலை விரலால் உரித்தால் ஒரே தோலாக வந்துவிட்டது, அப்புறம் சோப்பு போட்டுக் கொதிநீர் ஊற்றிக் கழுவினேன். நல்ல கனம், பிள்ளை கை பட்டாலும் சாயாது. பிளாஸ்டிக் கப் வாங்கிய நாளெல்லாம் தரையில்தான் சாயம்.

விரிக்க ஒன்றும் வாங்க வேண்டாம், பழைய பெனர் (பிளாஸ்டிக் விளம்பரத் தட்டி) போதும். தேர்தல் முடிந்தால் எங்கே பார்த்தாலும் கிடக்கும், அச்சுப் பக்கத்தைக் கீழே போட்டு, ஓரத்தை ஒரு சாண் மடித்துத் துணிக்கிளிப் போட்டால் தண்ணீர் வெளியே ஓடாது. கோயில் திருவிழா பெனர் வேண்டாம், சாமி படத்தின் மேல் கால் வைத்துவிட்டு அப்புறம் மாமியாரிடம் யார் பேசுவது.

கப்பார் மாமா:
இடத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஹால் வேண்டவே வேண்டாம்மா, வழவழ டைல்ஸில் சோப்பு நுரையும் சேர்ந்தால் பெரியவர்களுக்கே இடுப்பு போய்விடும். அடுப்படிக்குப் பின்னால் துணி துவைக்கும் இடம் சிமெண்டுத் தரையாக இருந்தால் அங்கே வையுங்கள், தண்ணீர் லோங்காங் (சாக்கடை) பக்கம் சரிகிறதா என்று ஒரு வாளி ஊற்றிப் பாருங்கள். கேஸ் தோம்பு (சிலிண்டர்), கிளோரோக்ஸ் (பிளீச்) புட்டி இரண்டையும் முதலில் அங்கிருந்து எடுத்துவிடுங்கள். விளையாடி முடித்த பேசினைக் கவிழ்த்து வையுங்கள், ஒரு வாரம் தண்ணீர் நின்றால் ஏடிஸ் கொசு வளர்ந்து பறந்துவிடும், சுகாதார ஆட்கள் வந்தால் அபராதமும் உண்டு.

பெர்ஜுந்தை அம்மா:
மாமா சொன்ன கிளோரோக்ஸ் பற்றியே ஒரு கேள்வி. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கை கால் வாய்ப் புண் வந்திருக்கிறது, அவனும் இங்கே வந்து விளையாடினவன். மங்கு, பொம்மை எல்லாவற்றையும் கிருமிநாசினி ஜெல்லால் துடைத்தால் போதுமா?

பாலர் பள்ளி டீச்சர்:
போதாது, அந்தக் கிருமிக்கு ஆல்கஹால் ஜெல் அவ்வளவாக வேலை செய்யாது. முதலில் சோப்பு போட்டு அழுக்கைக் கழுவுங்கள், அழுக்கின் மேல் மருந்து ஊற்றிப் பயனில்லை. அப்புறம் 1 லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி கிளோரோக்ஸ் (புட்டியில் 5 சதவீதம் என்று இருந்தால்), பத்து நிமிடம் ஊற வைத்து நன்றாக அலசி வெயிலில் காய வையுங்கள். அன்றன்றைக்குக் கலப்பதே நல்லது. வினிகரோ கழிப்பறை கழுவும் திரவமோ அதில் சேர்ந்தால் நச்சுவாயு வரும், கவனம். அந்தப் பிள்ளை தொட்ட பிசைமாவைக் கழுவ முடியாது, தூக்கிப் போடுங்கள். உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் காய்ச்சலோ வாயில் கொப்புளமோ தெரிந்தால் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.

பெர்ஜுந்தை அம்மா:
இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு ஒன்றும் வரவில்லை. பின்கட்டுக்கு மாறிவிட்டோம், கழுவி முடிக்க இப்போது கால் மணி நேரம், அதிலும் பாதி பையனைக் குளிப்பாட்டுவது. களிமண் வந்த அன்று மாமியார் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து சின்ன அடுப்பு, சட்டி, அகப்பை எல்லாம் செய்து கொடுத்தார், பையன் அதில் செங்கல் பொடி போட்டுச் சாம்பார் வைத்தான். எறும்பு வரவில்லை, அது ஒரு நிம்மதி. பெனர்தான் பிரச்சினை. அச்சுப் பக்கத்தைக் கீழே போட்டால் பையன் புரட்டிப் புரட்டிப் போடுகிறான், முகம் தெரிய வேண்டுமாம். இப்போது பெனரில் இருக்கும் ஒய்.பி. (நம் தொகுதி மக்கள் பிரதிநிதி) மூக்கில் பெரிய மஞ்சள் கறை, சோப்பு போட்டேன், டீச்சர் சொன்ன மாதிரியே சிவந்துவிட்டது. வேலியில் போட்டு வைத்திருக்கிறேன், மூன்று நாளாக வெயிலைக் காணோம்.