இண்டக்சன் ஸ்டவ் போட்டதும் இன்வெர்ட்டர் ட்ரிப் ஆகுது, அவசரம்

சவுக்குத்தோப்பு: தேவனாம்பட்டினம் பக்கம் தோப்புல டென்ட் போடறோம். 150 ஏஎச் பேட்டரி ஃபுல் சார்ஜ். சோலார் பேனலும் இருக்கு. இண்டக்சனை 300 வாட்ல வச்சாலும் அஞ்சு செகண்ட்ல ட்ரிப். ஃபேன், லைட் ஓடுது. பேட்டரி போச்சா? சனிக்கிழமை கிளம்பணும்.

பாகூரான்: இன்வெர்ட்டர் எத்தனை விஏ, அதாவது எவ்வளவு லோடு தாங்கும்? ஈபி கரண்ட் மாதிரி சீரா வர்ற சைன் வேவா, வெட்டி வெட்டி வர்ற ஸ்கொயர் வேவா? பேட்டரி ஆசிட் இருக்கற டியூபுலரா, லித்தியமா? ட்ரிப் ஆகும்போது ஓவர்லோட் லைட் எரியுதா, லோ பேட்டரியா? இதுல எதையுமே சொல்லலையே.

கெடிலக்கரை: பேனல்தான் காரணம். சவுக்கு நிழல் ஓரத்துல விழுந்தாலே பேனல்ல மூணுல ஒரு பங்கு படுத்துடும்.

மீட்டர்மணி: பேட்டரி ஃபுல்லுனு எழுதியிருக்கார், பேனலை ஏன் இழுக்கறீங்க? தம்பி, வாட் கணக்கு தெரியாம தோப்புக்குக் கிளம்பினா அவலை நனைச்சுத்தான் தின்னணும்.

சவுக்குத்தோப்பு: வீட்டு இன்வெர்ட்டர், 900 விஏ, சைன் வேவ். டியூபுலர். ஓவர்லோட் லைட்தான்.

பாகூரான்: ஓவர்லோட்னா லோடுதான் அதிகம், பேட்டரி காரணம் இல்ல. 900 விஏன்னா தாங்கறது 700 வாட் சொச்சம். மலிவு ஸ்டவ்ல 300னு வச்சா 300ஐ இழுக்காது. 1000 வாட்டை சில செகண்ட் இழுக்கும், நிறுத்தும், திரும்ப இழுக்கும். சராசரிதான் 300. இன்வெர்ட்டர் பார்க்கிறது அந்த 1000ஐ. 400 வாட் ரைஸ் குக்கர் எடுத்துட்டுப் போங்க. அரை மணி ஓடினாலும் 200 வாட் அவர்தான். அரிசியை முன்னாடியே ஊற வச்சா இன்னும் குறையும். பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்கு என்ன ஒயர், எவ்வளவு நீளம்?

சவுக்குத்தோப்பு: 4 ஸ்கொயர் (சதுர மி.மீ.). போக வர 6 மீட்டர்.

பாகூரான்: 12 வோல்ட் பேட்டரியில குக்கருக்கே 40 ஆம்ப் வரும், ஒயர்லயே 1 வோல்ட் போயிடும். இண்டக்சன் ஓடியிருந்தா 2.5 வோல்ட் போய், லோ பேட்டரின்னு கட்டாகியிருக்கும். பேட்டரியைப் பக்கத்துலயே வச்சு ஒயரைச் சுருக்குங்க. 25 ஸ்கொயர் போட்டா நிம்மதி. நீளம் வேணும்னா இன்வெர்ட்டர்ல இருந்து வெளிய வர்ற 230 வோல்ட் பக்கம் இழுத்துக்கலாம்.

கெடிலக்கரை: லித்தியம் வாங்கிட்டா இந்தத் தொல்லையே இல்ல.

மீட்டர்மணி: லித்தியம் போட்டா 900 விஏ 2000 ஆயிடுமா? அதுல பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கற சர்க்யூட்) 50 ஆம்புன்னா அதுவும் கட்டாகும்.

கெடிலக்கரை: அம்பது கிலோ டியூபுலரை மணல்ல தூக்கறது நீங்களா? வண்டியில சாய்ஞ்சா ஆசிட் கொட்டும்.

மீட்டர்மணி: நிமிர்த்தி வச்சுக் கயிறு கட்டினா ஏன் கொட்டுது? விலையைப் பாருங்க முதல்ல.

பாகூரான்: ரெண்டு பேரும் தனி இழை போட்டுக்கங்க. டியூபுலரைச் சார்ஜ் போடும்போது மட்டும் டென்ட்டுக்குள்ள வைக்காதீங்க, ஹைட்ரஜன் வரும்.

சவுக்குத்தோப்பு: குக்கர்ல சாதம் ஆயிடுச்சு. நன்றி.

பாகூரான்: ஒயர் தொட்டுப் பார்த்தீங்களா, சுட்டுதா?